பட்டியல் சாதிக்கு நிலப் பட்டியல் எங்கே?

12 லட்சம் ஏக்கர். முப்பது வருசமாக இந்த எண்ணை முழங்கி வருகிறோம். சுவரெழுத்தில் இருக்கிறது, துண்டறிக்கையில் இருக்கிறது, மாநாட்டுத் தீர்மானங்களில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர். சரி தோழர், அதில் உங்கள் தாலுகாவில் எத்தனை ஏக்கர்? எந்தெந்த வருவாய் கிராமம்? சர்வே எண் என்ன? இன்றைக்கு யார் பேரில் பட்டா? நிலத்தை ஒப்படைத்தபோது எழுதிய பழைய பதிவேடு எந்த ஆபீசில், எந்த பீரோவில் கிடக்கிறது? இந்த அய்ந்து கேள்விக்கும் விடை வேண்டி ஒரு மாணவர் வந்தால், எந்த அமைப்பின் கதவைத் தட்டச் சொல்லி அனுப்புவீர்கள்?

கேட்டால் கோபம் வருகிறது. "இதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை தோழர், நமக்கு அரசியல் வேலை இருக்கு" என்கிறார்கள். கணக்குப்பிள்ளை வேலைதான் இந்த நாட்டின் அரசியல் என்பதை நம் தாத்தாக்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு தெரிந்துகொண்டார்கள். பேரன்களுக்கு இன்னும் தெரியவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1891இல் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், மிராசுதாரர்களின் பிடியில் பறையர் மக்கள் எப்படிக் கிடக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். மீறி நடந்த கிரயம் செல்லாது, நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை உயர்நீதிமன்றமும் இந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக சட்டம் நம் பக்கம்தான். பின்னே நிலம் எங்கே போச்சு?

நிலம் எங்கேயும் போகவில்லை. அங்கேயே கிடக்கிறது, மேலே லேஅவுட் கல் நட்டிருக்கிறான். காணாமல் போனது அந்த நிலத்தைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரி.

அ-பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய சர்வே எண், புதிய எண், நன்செய் புன்செய், தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகக் கலங்கள் போகும். ஓரத்தில் "குறிப்பு" என்று ஒரு கலம். 'பஞ்சமி' என்றோ, 'டி.சி.' என்றோ, 'நிபந்தனை' என்றோ எழுதவேண்டிய இடம் அந்த ஓரம். ஊரில் நமக்குக் கிடைத்த இடம் போலவே பதிவேட்டிலும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். 1979இல் தொடங்கி 1987 வரை யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் ஒழித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டை வீட்டில் வைத்திருந்தவன் போனான், புதிதாக வந்தவனுக்கு ஊர் தெரியாது, அனுபவத்தில் இருக்கிறவன் பெயரை எழுது என்று மேலிருந்து அவசரம். அனுபவத்தில் இருந்தது யார்? அய்ம்பது ரூபாய் கடனுக்கும் ரெண்டு மூட்டை நெல்லுக்கும் நிலத்தை எழுதி வாங்கியிருந்த ஆண்டைதான். அவன் பெயர் பட்டாவில் ஏறியது, ஓரத்துக் கட்டம் வெறுமையானது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, குடிசை எரியவில்லை, பத்திரிகையில் செய்தியும் இல்லை. ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கு நகல் எடுத்தார்கள், அவ்வளவுதான். வெண்மணியை நினைவு வைத்திருக்கும் நாம் இந்த நகல் எடுப்பை நினைவு வைக்கவில்லை.

தகவலைப் பற்றிய தகவல் என்று இதற்கு இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள், மெட்டாடேட்டா. ஒரு வரைபடம் இருக்கிறதென்றால் அதை யார் வரைந்தது, எந்த வருசம், எதைப் பார்த்து வரைந்தது, நடுவில் யார் திருத்தியது, யார் பயன்படுத்தலாம், மூலம் எங்கே இருக்கிறது என்கிற விவரம். வரைபடத் தகவல்களுக்கான பன்னாட்டுத் தரம் ஒன்று இருக்கிறது, 19115 என்று எண். அதில் 'லீனியேஜ்' என்றே ஒரு பகுதி உண்டு. தரவின் வம்சாவளி. நம்மிடம் பிறப்பைக் கேட்டே பழக்கப்பட்ட அதிகாரிகளே, ஒரு தடவை நிலத்தின் பிறப்பைச் சொல்லுங்களேன். இந்த உட்பிரிவு எந்தப் பழைய எண்ணிலிருந்து பிறந்தது? எந்த உத்தரவின் பேரில் குறிப்புக் கலம் காலியானது?

சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் இன்று செல்போனில் பார்க்கலாம். எப்படி? மாவட்டம் சொல், வட்டம் சொல், கிராமம் சொல், சர்வே எண் சொல், உட்பிரிவு சொல். எண் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும். "என் தாலுகாவில் நிபந்தனை ஒப்படை நிலம் எல்லாவற்றையும் காட்டு" என்று கேட்க அங்கே கட்டம் கிடையாது. ரியல் எஸ்டேட் புரோக்கரிடம் எண் இருக்கிறது. நம் பாட்டனிடம் இருந்தது நிலத்தின் பேர்தான், எண் இல்லை. இன்னொரு சங்கதி. அப்படித் திறக்கிற கதவுக்குப் பின்னால் இருப்பது இன்றைய பதிவேடு. திருட்டு முடிந்த பிறகு எடுத்த போட்டோ.

டெல்லியிலும் இதுதான் கதை. வரைபடத் தகவல்களைத் துறைகள் பகிர்ந்துகொள்ள தேசிய அமைப்பு ஒன்றை 2006இல் ஏற்படுத்தினார்கள். 2021 பிப்ரவரியில் வரைபட விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் அளக்கலாம் வரையலாம் என்றார்கள். 2022இல் தேசியப் புவியிடக் கொள்கை வந்தது. முதலாளிக்குத் தகவல் தடையில்லாமல் ஓடவேண்டும் என்று இத்தனை ஏற்பாடு. சேரிக்கு மட்டும் "பதிவேடு கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரிப் பதில்.

இந்த ஒற்றை வரியே சட்டவிரோதம். தகவல் உரிமைச் சட்டம் 2005 என்றால் மனுப் போடுவது மட்டும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. பிரிவு 4(1)(அ)வைப் படியுங்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. ஆவணத்தைக் கேட்பதற்கு முன்னால் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் தாலுகா ஆபீசின் பதிவறையில் என்னென்ன பதிவேடுகள், எந்த வருசத்தவை, எத்தனை தொகுதி இருக்கின்றன என்பதற்கு ஒரு மனு. எது எப்போது அழிக்கப்பட்டது, யார் உத்தரவில் என்பதற்கு இன்னொரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு. "அப்படிப் பட்டியல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் ஓர் ஆவணம்தான், பத்திரமாக வையுங்கள்.

இனி நம் வீட்டுக்குள் பேசுவோம். அரசைத் திட்டுவது சுலபம்.

எத்தனை முறை இந்த வேலை தொடங்கியிருக்கிறது! 1994இல் காரணைப் போராட்டம், செங்கற்பட்டில் அக்டோபர் 10 துப்பாக்கிச் சூடு. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக இளைஞர்கள் பதிவேட்டைத் தேடிப் போனார்கள். சேகரித்தார்கள். சேகரித்தது எங்கே? ஒரு பகுதி வக்கீல் கட்டுகளில். ஒரு பகுதி ஏதோவொரு தொண்டு நிறுவனத்தின் பீரோவில். திட்டம் முடிந்தது, நிதி நின்றது, பீரோ பூட்டியாச்சு, சாவி வைத்திருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு பகுதி ஆய்வு மாணவர்களின் பின்னிணைப்பில். மீதி தலைவர்களின் பையில். ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்குக் காட்டமாட்டார், காட்டினால் அந்த ஊர் அவர் கட்சிக்குப் போய்விடுமாம். அதனால் அதே கிராமத்துக்கு அதே பதிவேட்டைக் கேட்டு நாலு அமைப்பு நாலு தடவை மனுப் போடுகிறது. தாசில்தார் சிரிக்கிறார். 2011இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு குழு போட்டது. ஆட்சி மாறியதும் அது கிடப்பில் போனது. 2019இல் 'அசுரன்' படம் வந்தபோது பஞ்சமி என்கிற சொல் ஒரு மாசம் டிவியில் ஓடியது, கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒரு மாசத்தில் நம் கையில் தாலுகாவாரிப் பட்டியல் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

நான் கேட்பது இதுதான்: வட்டாரத்துக்கு ஒரு பொதுப் பட்டியல். பழைய செங்கற்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களை ஒரு வட்டாரமாக எடுத்துக்கொள்ளலாம், பழைய பதிவேடுகள் அந்தப் பிரிவின்படிதான் இருக்கின்றன. ஆவணங்களை எல்லாம் ஒரே இடத்தில் குவிக்கச் சொல்லவில்லை. வக்கீலிடம் இருப்பது வக்கீலிடமே இருக்கட்டும். எது எங்கே, யாரிடம் இருக்கிறது என்று எழுதிய பட்டியல் மட்டும் எல்லோருக்கும் பொது. ஜியோநெட்வொர்க் என்று இதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் இருக்கிறது, இரண்டுக்கும் காசு கிடையாது. ஆனால் முதல் வருசம் ஒரு எக்செல் தாளும் நீளமான நோட்டும் போதும். மென்பொருள் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் ஜாக்கிரதை, பட்டியலோடு சேர்த்து அவரும் உட்கார்ந்துவிடுவார்.

எழுதும்போது ஒரு விசயத்தில் கறாராக இருக்கவேண்டும். எதையும் திருத்தக் கூடாது. ஒரு புலம் பழைய பதிவேட்டில் 3 ஏக்கர் 20 சென்ட், யு.டி.ஆர். பதிவேட்டில் 0.97 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுமார் 2 ஏக்கர் 40 சென்ட்தான் வரும். படித்த பிள்ளைகளுக்கு உடனே கை பரபரக்கும், எது சரி என்று பார்த்து ஒன்றை அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். அந்த 80 சென்ட் வித்தியாசம்தான் நமது வழக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்தப் பதிவேடு, எந்த வருசம், சான்றிட்ட நகலா செல்போனில் எடுத்த படமா, பார்த்தது யார், எந்த நாள் என்று குறிக்க வேண்டும். ஏக்கரை ஹெக்டேராக மாற்றினால் மாற்றியது நாம்தான் என்றும் எழுதவேண்டும். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் பிடிப்பது அங்கேதான்.

அரசு பதிவேட்டில் இல்லாத கலங்களும் நமக்கு வேண்டும். புலத்தின் பேர். தோட்டி மானியம், வெட்டியான் மானியம், பறையன் கொல்லை என்று நம் சனங்கள் வாயில் இருக்கிற பேரெல்லாம் வெறும் பேச்சுக்கு வந்ததா? எண் போட்டவன் அந்தப் பேரை விட்டுவிட்டான். களை பறித்த ஆயாவைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நில்லுங்கள். "இதுவரைக்கும் எங்க மாமனாரு ஓட்டுனது, அந்தக் கெணத்துக்கு அப்பால ரெட்டியாரு" என்று கை நீட்டிச் சொல்லும். அதைச் சொன்னபடியே எழுதுங்கள். வாரிசு வரிசையில் பெண்பிள்ளைகளை விடாதீர்கள். பட்டாவெல்லாம் ஆம்பளை பேரில், போராட்டமெல்லாம் பொம்பளை தலையில் என்பதை நம் பட்டியலும் தொடரக் கூடாது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா? கூடாது. இந்தப் பட்டியலை முதலில் படிக்கப்போகிறவன் நிலத்தை அமுக்கியிருப்பவன். எந்தப் புலத்துக்கு எந்தக் கிழவர் சாட்சி என்று தெரிந்தால், மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஸ்கார்ப்பியோ நிற்கும். ஆகவே பதிவேடு, எண், வருசம், ஆபீஸ், அலமாரி, இதெல்லாம் ஊரறிய இருக்கட்டும். வாரிசுகளின் பெயர், சாட்சிகளின் பெயர், போன் நம்பர் தனி நோட்டில், அந்தந்தக் கிராமத்து மக்களின் கையில் மட்டும். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது சேரிக் கூட்டம், மாவட்டச் செயலாளர் இல்லை.

நடத்துவது யார் என்றால் தாலுகாவுக்கு இரண்டு பேர், வேறு வேறு அமைப்பைச் சேர்ந்தவர்கள். ஒரே அமைப்பைச் சேர்ந்த இருவர் வேண்டாம். வருசத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். பட்டியலின் நகல் குறைந்தது மூன்று ஊரில் இருக்கவேண்டும். சேர்த்தது, மாற்றியது எல்லாம் தேதியோடு பதிவாக வேண்டும், தலைவரே மாற்றினாலும். கட்சி உடையும், கூட்டணி மாறும். உடைகிறபோது பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓட யாருக்கும் வழி இருக்கக் கூடாது.

"அரசு செய்யவேண்டிய வேலையை நாம் ஏன் செய்யணும், அப்புறம் அரசு தப்பிச்சிக்காதா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அரசு இந்த வேலையை ஏற்கனவே ஒருதடவை செய்தது, 1979லிருந்து 1987 வரை. இன்னொரு மறு அளவை வரும், டிரோனோடு வரும். வருகிறவன் கையில் இருப்பது அவன் பதிவேடு. எதிரே நிற்கிற நம் கையில் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் இல்லையென்றால், அவன் வரைகிற கோடுதான் அடுத்த நூறு வருசத்துக்கு எல்லை.

அக்டோபர் 10க்கு செங்கற்பட்டு போகிறவர்கள் மாலையோடு கூட அவரவர் தாலுகா ஆபீசுக்குப் போட்ட 4(1)(அ) மனுவையும், வந்த பதிலையும், இரண்டிரண்டு நகலாக எடுத்து வாருங்கள். பதில் வராதவர்கள் ஒப்புகைச் சீட்டைக் கொண்டு வரலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து முதல் தாளை எழுத ஆரம்பிப்போம்.