திறவுகோல் தொலைந்த கணினி

நம்மோடு ஒரே ஆசிரியர் அறையிலிருந்து நெடுங்காலம் பௌதிகம் கற்பித்த நண்பர் ஒருவர் திடீரெனக் காலமானார். உயர்தர வகுப்பு மாணவர்க்கென அவர் எழுதிச் சேர்த்த குறிப்புகளும் பயிற்சி வினாக்களும் வீட்டுக் கணினியில் இருந்தன. அதன் கடவுச்சொல்லையோ அவர் எவரிடமும் கூறிற்றிலர். பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இயங்குதளம் இட்டுத் தருவதாகச் சொல்லிப் போனாராம். கதவைத் திறப்பதற்கு வீட்டை இடிக்கும் யோசனை!

"மாஸ்டர், அவர் எழுதினதெல்லாம் பிள்ளையளுக்குப் போய்ச் சேரவேணும். ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றார் நண்பரின் துணைவியார்.

கணினியில் இருந்தது உபுண்டு. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் கருவின்மேல் எழுந்த இயங்குதளம் அது. இத்தகைய கணினியிலே கடவுச்சொல் உள்ளபடியே எழுதிவைக்கப்படுவதில்லை. கணித முறையால் அதனைச் சிதைத்துப் பெற்ற நீண்டதோர் எழுத்துத்தொடரே கோப்பில் இருக்கும். இடித்த மாவை மீண்டும் அரிசியாக்க எவராலும் இயலுமோ? ஆதலின், பழைய சொல்லைத் தேடாது புதியதொன்றை இடுவதே வழியெனத் துணிந்தோம்.

மின்விசையை அழுத்தியவுடன் இயங்குதளம் எழுந்துவிடுவதில்லை. முதலில் 'கிரப்' என்னும் சிறு செயலி தோன்றி, கருவை நினைவகத்தில் ஏற்றி, அதற்குச் சில ஏவல்களையும் கொடுத்து விலகும். கடவுச்சொல் கேட்கும் வாயிற்காவலன் வருவது அதன் பின்னரே. எனவே காவலன் வருமுன் ஏவலை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது.

கணினி விழிக்கும் வேளையில் எஸ்கேப் விசையைத் தட்டினோம். பழைய கணினியாயின் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தல் வேண்டும். கிரப்பின் பட்டியல் தோன்றிற்று. முதல் வரியில் நின்று 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்த, ஏவல்கள் திரையில் விரிந்தன. 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் இறுதியில், வழமையான தொடக்கத்தை விடுத்து 'பாஷ்' என்னும் கட்டளைத் திரையை நேரே திறக்குமாறு ஓர் ஏவலைச் சேர்த்து, எப்10 விசையை அழுத்தினோம். யாதொரு கேள்வியுமின்றித் தலைமைப் பயனருக்குரிய முழு அதிகாரமும் நம் கைக்கு வந்தது.

ஆனால் புதிய கடவுச்சொல்லை இருமுறை தட்டியபின் பிழைச் செய்தியே கிடைத்தது. நண்பரின் துணைவியார் முகம் வாடிற்று, நமக்கும் வியர்த்தது. சற்று அமைதியாக யோசித்தபோதுதான் நம் மறதி விளங்கிற்று. அதே வரியில் 'ஆர்ஓ' என இரண்டெழுத்து உண்டு. வட்டை வாசிக்கலாம், எழுதலாகாது என்பது அதன் பொருள். மீளத் தொடக்கி, அதனை 'ஆர்டபிள்யூ' என மாற்றினோம். கிரப்பில் இவ்வாறு திருத்துபவை அந்த ஒரு தொடக்கத்துக்கே செல்லும். ஆதலால் முன்னைய ஏவலையும் மறுபடி எழுதவேண்டியிருந்தது. இம்முறை கடவுச்சொல் மாறிற்று.

இத்துணை எளிதா என்று மாணவர் வியப்பர். கணினியைக் கையால் தொடக்கூடியவர் எவருக்கும் எளிதே. நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கியிருந்தால் இவ்வழி அடைபட்டிருக்கும். நண்பர் அவ்வாறு செய்யாதது மாணவரின் நற்பேறு. பிறர் கணினியில் அனுமதியின்றி இதனைச் செய்தல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. நாம் துணைவியாரை அருகே இருத்திக்கொண்டே ஒவ்வொரு விசையையும் தட்டினோம்.

உள்ளே சென்றதும் இன்னொரு சிறு பெட்டி எழுந்து பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. சேமித்த இரகசியச் சொற்களைக் காக்கும் பெட்டகம் அது. பழைய சொல்லாலேயே பூட்டப்பட்டிருந்தமையால் புதியதற்கு இணங்கவில்லை.

"அது கிடக்கட்டும் மாஸ்டர்" என்றார் அவர்.

பெட்டியை மூடிவிட்டு, 'பௌதிகம்' எனப் பெயரிட்ட கோப்புறையை மட்டும் பிரதி செய்துகொண்டு எழுந்தோம்.