கில்ட் கட்ட நாள் பார்க்க வேண்டுமா?

ஸ்காட்லாந்து என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கில்ட்தான். பிஸ்கட் டப்பாவிலும் விஸ்கி விளம்பரத்திலும் விமான நிலையச் சுவரிலும் அதைத்தான் பார்க்கிறோம். ஆனால் கிளாஸ்கோவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கில்ட் கட்டிக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கல்லாவில் இருப்பவரில் தொடங்கி பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் வரை ஒரே கேள்விதான்: "இன்றைக்கு யாருக்குக் கல்யாணம்?"

கல்யாணம் எதுவும் இல்லை என்றால், கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்பார்கள். அதுவும் இல்லை என்றால், நீங்கள் பேக்பைப் வாசிப்பவரா என்பார்கள். உடுத்தப் பிடித்திருந்தது, உடுத்தினேன் என்று சொன்னால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை. இந்த ஊருக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. இந்த உடையை நான் மனதார விரும்புகிறேன். இருந்தும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கட்டலாமா, கூடாதா என்று ஒரு விசாரணையை நடத்திவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடிகிறது. கால்சட்டை போடுகிறவர் யாரும் இப்படி யோசிப்பதில்லை.

ஊர் ஒத்துக்கொண்ட நாட்கள் என்று சில இருக்கின்றன. ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து. நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாள். ஆண்டின் கடைசி இரவு. கல்யாணம், பட்டமளிப்பு விழா. மரேஃபீல்டில் ரக்பி, ஹாம்ப்டன் பார்க்கில் கால்பந்து. அந்த நாட்களில் ரயில் பெட்டி முழுக்க கில்ட்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் அதே மனிதர் அதே உடையில் வேலைக்குப் போனால் வேஷம் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரே ராத்திரியில் உடை எப்படி வேஷமாகும்?

எனக்குத் தெரிந்த ஒரு காரணம், கில்ட்டைத் தனியாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது. பெரும்பாலான ஆண்களுக்கு அது கல்யாணத்துக்காக வாடகைக் கடையில் மொத்தமாக எடுத்துவரும் ஒரு செட். வெள்ளிப் பொத்தான் வைத்த பிரின்ஸ் சார்லி கோட்டு, போ டை, ரோமம் வைத்த ஸ்போரன் பை, கணுக்காலுக்கு மேல் கயிறு சுற்றிக் கட்டும் கில்லி காலணி, காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தி. இதெல்லாம் மாலை விருந்துக்கான கோலம். பகலுக்கென்று வேறு முறை உண்டு: ட்வீட் கோட்டு, சாதாரண டை, ரோமம் இல்லாத தோல் ஸ்போரன். அதற்கும் கீழே இறங்கி, கம்பளி ஸ்வெட்டர், தடித்த காலுறை, நடைக்கான பூட்ஸ், இடுப்பில் கில்ட் என்று போனால் அதைவிட வசதியான உடை இந்தக் குளிருக்குக் கிடையாது. முழுக் கில்ட் ஒன்றுக்கு எட்டு கெஜம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல் கம்பளித் துணி போகிறது. அதில் பெரும்பகுதி மடிப்பாகப் பின்பக்கம் கனத்துத் தொங்குவதால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. இடுப்பும் முதுகும் கதகதப்பாக இருக்கும். மழையில் நனைந்த ஜீன்ஸ் காலில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் படுத்தும். கில்ட் கட்டியவருக்குக் காலில் நனைவது முழங்கால் மட்டும்தான், துடைத்தால் போயிற்று. ஆனால் இந்த எளிய கட்டைப் பழகிப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே அமைவதில்லை. விலை இன்னொரு தடை. கையால் தைத்த கில்ட் பல நூறு பவுண்டு ஆகும். அவ்வளவு கொடுத்து வாங்கியதை மழையில் நனைக்க மனம் வராமல் உறை போட்டு மாட்டிவைக்கிறார்கள்.

இது விருந்து மண்டபத்தில் பிறந்த உடை இல்லை என்பதுதான் என் ஆதங்கத்தின் அடி. மலைநாட்டு மக்கள் மாடு ஓட்டிய உடை, ஓடையைக் கடந்த உடை. ஆதியில் அது இடுப்பில் வார் கட்டி, மீதியைத் தோளில் போட்டு, ராத்திரி அதையே போர்த்திப் படுத்த ஒரு பெரிய துணி. இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் சின்ன கில்ட் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. 1746 ஏப்ரலில் கல்லோடன் போர்க்களத்தில், ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்கக் கிளம்பிய, மலைநாட்டார் நிறைந்த ஜேக்கபைட் படை தோற்றது. அதே ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: ஸ்காட்லாந்தில் ஆண்களோ சிறுவர்களோ மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஜாமீன் இல்லாமல் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் கடல் கடந்து ஏழு ஆண்டு நாடு கடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள், அப்பா அதை உடுத்தியதைப் பார்க்காமலே வளர்ந்து முடித்திருந்தார்கள்.

பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். வரவேற்பை முன்நின்று நடத்தியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரே கில்ட் கட்டினார், அதுவரை அதைத் தொடாத தாழ்நிலத்துச் சீமான்களும் கட்டினார்கள். அன்றாட உடையாக இருந்ததைச் சட்டம் கொன்றது. அது உயிர் பெற்று வந்தபோது விழாக்கோலமாக வந்தது. அந்தக் கோலத்தை இன்றுவரை கலைக்க முடியவில்லை.

உன் குலம் எது, இந்த டார்ட்டன் கட்டத்தை நீ உடுத்தலாமா என்று கேட்கிறவர்கள் வேறு. என் தமிழ் முகத்தைப் பார்த்ததும் இந்தக் கேள்வி இன்னும் சீக்கிரம் வருகிறது. ஒரு குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு பலர் நினைப்பதுபோல் ஆதிகாலத்துச் சங்கதி அல்ல. லண்டனில் இருந்த ஹைலேண்ட் சொசைட்டி 1815இல் குலத்தலைவர்களுக்கு எழுதி, உங்கள் கட்டத்தின் மாதிரித் துணியை அனுப்புங்கள் என்று கேட்டது. தங்கள் கட்டம் எது என்று தெரியாத தலைவர்களும் இருந்தார்கள். இன்று அரசு நடத்தும் டார்ட்டன் பதிவேடே இருக்கிறது, 2009இல் தொடங்கினார்கள். ஊருக்கான கட்டங்கள் உண்டு, யார் வேண்டுமானாலும் உடுத்தும் பொதுக் கட்டங்கள் உண்டு. இன்னார் கில்ட் கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இப்போது இல்லை. மரியாதை தெரிந்து உடுத்துகிறவரை மறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்துவது வேறொன்று. உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்ற கேள்வி. முன்பின் தெரியாதவர்கள், சிரித்துக்கொண்டே, பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்கிறார்கள். வேறு எந்த உடையில் வந்த மனிதரிடமும் வாய் கூசாமல் இதைக் கேட்பார்களா? கேள்வியோடு நின்றாலும் பொறுக்கலாம். சனிக்கிழமை ராத்திரி மதுக்கடைகளில் கையை நீட்டித் துணியைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், படம் எடுக்க போனைக் கீழே கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். விருந்துகளில் கில்ட் கட்டித் தட்டு எடுத்துவரும் பையன்களுக்கும் இது நடக்கிறது. அவர்கள் இரண்டு கையிலும் தட்டு இருக்கிறது, தடுக்க வழியில்லை. ஒருவர் உடைக்குள் அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதை ஸ்காட்லாந்தில் 2010இல் வந்த சட்டம் குற்றமாக்கிவிட்டது. அது ஆணுக்கும் பொருந்தும். ஆனாலும் பாதிக்கப்பட்டவர் ஆண், உடை கில்ட் என்றதும் எல்லோரும் சிரித்து முடித்துவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலை நகரத்துக்குள் போவதென்றால் நான் கில்ட்டைத் தவிர்ப்பது இதற்காகத்தான். உடையில் குறை இல்லாதபோது அதை உடுத்தியவன் ஒதுங்கிப்போக வேண்டியிருக்கிறதே என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கட்டக் கூடாத நேரங்கள் எனக்கும் உண்டு. ஆனால் அவற்றை வேலையும் இடமும் சொல்ல வேண்டும், வேடிக்கை பார்ப்பவர் சொல்லக் கூடாது. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் துணி ஆகாது. கோடையில் மேற்கு மலைப்பக்கம் போனால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிக் கூட்டம் முழங்காலைத் தின்றுவிடும். விமானத்தில் கில்ட்டோடு போகலாம், ஸ்கீயன் டூவைக் கையோடு கொண்டுபோக முடியாது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேறு மடிப்பில் உறைந்து, சிப்பாய்களின் முழங்காலுக்குப் பின்னால் தோலை அறுத்தது. மடிப்புக்குள் பேன் குடியேறியது. அப்படிப்பட்ட இடத்தில் வேண்டாம் என்றால் அது நியாயம். துக்க வீடு என்றால் குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். இங்கே இறுதிச் சடங்குக்கு அடக்கமான கோட்டோடு கில்ட் கட்டி வருவது மரியாதைதான். வேலைக்கான நேர்காணல், நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பதே என் கட்சி.

வேட்டி கட்டியவரைக் கிளப் வாசலில் நிறுத்தியதால் தமிழ்நாட்டு அரசு 2014இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஊரிலிருந்து வந்தவன் என்பதால் இந்த வலி எனக்குப் புதிது இல்லை. அங்கே வாசலில் ஆள் நின்று தடுத்தார், இங்கே தடுப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன்னைத் தானே தடுத்துக்கொள்கிறார், அதை எந்தச் சட்டத்தாலும் மாற்ற முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேர் காரணமில்லாமல் உடுத்திப் போனால்தான் ஊர்க் கண் பழகும். உங்கள் அப்பாவின் கில்ட் உறைக்குள் தொங்குகிறதே, எடுத்துக் கட்டுங்கள் என்று இங்குள்ள நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள், கட்டுகிறவர் குறைவு.

படிக்க வரும் நம் பிள்ளைகளும் வந்த புதிதில், "அண்ணா, உள்ளே ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, கேட்காதீர்கள். எடின்பரோவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் கில்ட் கட்டிய ஒருவரைப் பார்த்தால் குட் மார்னிங் சொல்லுங்கள். படம் வேண்டும் என்றால் அனுமதி கேட்டு எடுங்கள். யாருக்குக் கல்யாணம் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அவர் பால் வாங்கப் போய்க்கொண்டிருப்பார்.