கப் ஜெயிச்சார்... ஆனா டீமை ஜெயிக்க வைக்க முடியல! இந்தியாவுக்கு வந்த டச்சு டிஃபெண்டரும், தென்காசி போட வேண்டிய ஒரு கணக்கும்

ஜூன் பொறந்தா தென்காசிக்காரங்களுக்கு ரெண்டே கேள்விதான். "சாரல் இருக்கா? ஐந்தருவியில தண்ணி விழுதா?" இந்த வருஷம் மூணாவதா ஒண்ணும் சேர்ந்துக்கிட்டது. "மேட்ச் எத்தனை மணிக்கு?"

ஜூன் 11 தொடங்கி ஜூலை 19 வரைக்கும் உலகக்கோப்பை கால்பந்து. 48 அணிகள். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோவில் நடப்பதால் நமக்கு பெரும்பாலான மேட்ச் நள்ளிரவுக்கு மேலேயும் விடிகாலையிலும்தான். குற்றால சீசனும் அதே நாள்களில். புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி அருவிக்கு வரும் கேரள வண்டிகளில் எந்த நாட்டுக் கொடி பறக்குதுன்னு பார்த்தே யார் எந்த டீம் ஃபேன்னு சொல்லிடலாம். அர்ஜென்டினா, பிரேசிலுக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சு கலரும் தென்படும். அது நெதர்லாந்து.

அந்த ஆரஞ்சு டீமுக்கும் இந்திய டீமுக்கும் நடுவே நிறைய பேர் மறந்துபோன ஒரு மனுஷன் இருக்கார். பெயர் விம் கூவர்மன்ஸ். டச்சு டிஃபெண்டர். பின்னாளில் இந்தியாவின் கோச். அவர் கதையைப் படிச்சா, 'நம்ம டீம் ஏன் இப்படி இருக்கு' என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். மீதிப் பதில் நம்ம ஊர் கிரவுண்டில் இருக்கு.

யார் இந்த கூவர்மன்ஸ்?

1960-ல் பிறந்தவர். ஃபோர்டுனா சிட்டார்ட், எம்.வி.வி மாஸ்ட்ரிக்ட் என்ற டச்சு கிளப்களுக்கு ஆடியவர். ரெண்டும் அயாக்ஸ் மாதிரி பெரிய பெயர்கள் இல்லை. ஆனாலும் 1988 யூரோ கோப்பைக்கான நெதர்லாந்து அணியில் இடம் கிடைத்தது. ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன், ஃபிராங்க் ரைக்கார்ட், ரொனால்ட் கூமன் இருந்த அணி. கோச், ரைனஸ் மிஷல்ஸ். மியூனிக்கில் நடந்த ஃபைனலில் சோவியத் யூனியனை 2-0 என ஜெயிச்சு கோப்பையைத் தூக்கினார்கள். நெதர்லாந்து ஆண்கள் அணி ஜெயிச்ச முதல் பெரிய கோப்பை அது.

கூவர்மன்ஸ் அந்தத் தொடரில் ஒரு நிமிஷம்கூட ஆடலை. பெஞ்ச்தான். 

'பாவம்'னு தோணுதுல்ல? ஆனா பெஞ்சில் உட்கார்ந்த டிஃபெண்டருக்கு ஒரு வசதி உண்டு. டிஃபெண்டருக்கு மொத்த மைதானமும் முகத்துக்கு முன்னாடி தெரியும். பெஞ்சில் இருப்பவருக்கு, கோச் என்ன யோசிக்கிறார் என்பதும் தெரியும். ஆட்டத்தை நிறுத்திய பிறகு அவர் எம்.வி.வி அணிக்கும், நெதர்லாந்தின் இளையோர் அணிகளுக்கும் கோச்சாக இருந்தார். 2008-லிருந்து 2012 வரை அயர்லாந்து கால்பந்து சங்கத்தில் இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பு. அதாவது, சின்னப் பசங்களை வளர்த்தெடுப்பதுதான் அவர் கைவந்த கலை.

வந்த வேகத்தில் ஒரு கப்

2012-ல் இந்திய அணி ரொம்ப அடிபட்டுக் கிடந்தது. மார்ச்சில் நேபாளத்தில் நடந்த ஏ.எஃப்.சி சேலஞ்ச் கப்பில் மூணு மேட்ச், மூணுமே தோல்வி, ஒரு கோல்கூட போடலை. அப்போது கோச் சாவியோ மெடைரா. அவருக்கு அடுத்து, ஜூலையில் வந்தார் கூவர்மன்ஸ்.

அதுவரை பாப் ஹௌட்டன் காலத்திலிருந்து இந்தியா நீளமாகத் தூக்கி அடிக்கும் ஆட்டத்துக்குப் பழகியிருந்தது. கூவர்மன்ஸ் பந்தைத் தரையில் வைத்து, பின்னாலிருந்தே பாஸ் பண்ணி வரச் சொன்னார்.

அடுத்த மாசமே டெல்லியில் நேரு கப். சிரியாவை 2-1, மாலத்தீவை 3-0 என ஜெயிச்சாங்க. நேபாளத்தோடு டிரா. கேமரூனிடம் 0-1 தோல்வி. செப்டம்பர் 2 ஃபைனலில் மறுபடியும் கேமரூன். கௌரமாங்கி சிங் ஒரு கோல், சுனில் சேத்ரி பெனால்டியில் ஒரு கோல். 2-2. பெனால்டி ஷூட்அவுட்டில் 5-4 என இந்தியா ஜெயிச்சது. கேமரூன் முழு பலத்தோடு வரலை என்பது உண்மை. ஆனாலும் கப் கப்தான். வந்து ரெண்டு மாசத்துக்குள்ளே, "இவர்தான்யா நம்மாளு"ன்னு எல்லாரும் கொண்டாடினாங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

2013 மார்ச்: மியான்மரிடம் 0-1. அதோட சேலஞ்ச் கப் வாய்ப்பு போச்சு. அதே வருஷம் செப்டம்பர்: தெற்காசியக் கோப்பை ஃபைனலில் ஆப்கானிஸ்தானிடம் 0-2. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 23 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கும் அவர்தான் கோச். ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-5, ஜோர்டானிடம் 0-2.

2014 அக்டோபரில் சிலிகுரியில் பாலஸ்தீனத்திடம் 2-3. அந்த மாசமே கூவர்மன்ஸ் கிளம்பிவிட்டார். அதே அக்டோபரில்தான் ஐ.எஸ்.எல் பட்டாசு வெடிச்சு தொடங்கியது. டிவி முழுக்க மார்கோ மெட்டராஸி, டெல் பியரோ முகங்கள். இவர் போனதை யாரும் பெரிசாகக் கவனிக்கலை. 2015 மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 173-வது இடத்துக்குப் போனது.

'அப்போ கோச் சரியில்லை' என்று முடிச்சிடலாம். ஆனா ஒரு எண்ணைப் பாருங்க. 2014-ம் வருஷம் முழுக்க இந்திய சீனியர் அணி ஆடிய சர்வதேச மேட்ச் எத்தனை தெரியுமா? இரண்டு! மார்ச்சில் வங்கதேசத்தோடு ஒண்ணு, அக்டோபரில் பாலஸ்தீனத்தோடு ஒண்ணு. நடுவில் ஏழு மாசம் ஒண்ணுமே இல்லை. பின்னாலிருந்து பாஸ் பண்ணி ஆடும் பழக்கத்தை, வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் ஆடும் டீமுக்கு எந்த ஊர் கோச்சால் கத்துக்கொடுக்க முடியும்?

ஒரே டிரெஸ்ஸிங் ரூம், ரெண்டு கதை

1988-ல் கூவர்மன்ஸோடு அதே அறையில் பூட்ஸ் கட்டிய இன்னொரு டிஃபெண்டர் ரொனால்ட் கூமன். டிஃபெண்டராக இருந்தே 200-க்கும் மேல் கோல் போட்டவர். 1992-ல் பார்சிலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோல் அவருடையது. இவரும் கோச் ஆனார். 2023-லிருந்து ரெண்டாவது முறையாக நெதர்லாந்து அணி அவர் கையில். 2024 யூரோவில் அரையிறுதி வரை கூட்டிப்போனார். இந்த உலகக்கோப்பையில் ஜப்பான், துனிசியா இருக்கும் பிரிவில் நெதர்லாந்தும் ஆடுது.

கூமன் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனா கோச்சாக ரெண்டு பேருக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கையில் கிடைத்த பசங்கதான். நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1.8 கோடி. தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்கு. அங்கே கால்பந்து சங்கத்தில் பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். சின்ன ஊரில்கூட ஒரு கிளப், வயசுவாரியாக டீம், சனிக்கிழமை வந்தா மேட்ச். ஒரு பையன் 18 வயசில் மேலே வரும்போது நூத்துக்கணக்கான மேட்ச் ஆடியிருப்பான். கூமன் கைக்கு வருவது அப்படி வடிகட்டி வந்த ஆட்கள்.

தேசிய அணி கோச் என்பவர் கிட்டத்தட்ட கடைசி டிஃபெண்டர் மாதிரி. முன்னாடி பத்து பேர் பந்தை விட்டுட்டா, அவர் எத்தனையைத்தான் தடுப்பார்?

நம்ம ஆளு வந்தா மாறிடுமா?

கூவர்மன்ஸில் தொடங்கி ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்க்கெஸ் என 13 வருஷம் வெளிநாட்டு கோச்கள்தான். இதில் ஸ்டிமாச்சும் குரோஷிய டிஃபெண்டர். 1998 உலகக்கோப்பையில் மூணாம் இடம் பிடித்த அணியில் ஆடியவர். 2023-ல் இந்தியாவை 99-வது இடம் வரை கொண்டுபோனார். 2024 ஜூனில் கத்தாரிடம் தோத்து, உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியதும் அனுப்பிவிட்டார்கள்.

2025 ஆகஸ்ட்டில் காலித் ஜமில் வந்தார். மெடைராவுக்குப் பிறகு வந்த முதல் இந்தியர். வந்ததும் சி.ஏ.எஃப்.ஏ நேஷன்ஸ் கப்பில் மூணாம் இடம். ஓமனை பெனால்டியில் ஜெயிச்சாங்க. எல்லாரும் கொண்டாடினோம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு காலி. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. அந்த சமயம் ஐ.எஸ்.எல் சீசனே தொடங்காமல் தள்ளிப்போய், வீரர்கள் ஆட மேட்ச் இல்லாமல் இருந்தாங்க.

எங்கேயோ பார்த்த படம் மாதிரி இல்லை? முதலில் ஒரு வெற்றி, அப்புறம் மேட்ச் இல்லை, அப்புறம் தோல்வி. கோச்சின் பாஸ்போர்ட் மாறியது, கதை மாறலை.

2012-ல் நடந்த இன்னொரு விஷயம்

கூவர்மன்ஸ் டெல்லிக்கு வந்த அதே 2012-ல், மிசோரத்தில் சத்தமில்லாமல் ஒண்ணு நடந்தது. மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. உள்ளூர் கேபிள் டிவி ஸ்பான்சர், உள்ளூர் கிளப், உள்ளூர் பசங்க. மலைமேல் இருக்கும் ஊர்கள். சமதளமாக ஒரு மைதானம் கிடைப்பதே கஷ்டம். ஆனா சீசன் முழுக்க மேட்ச்.

ரெண்டே வருஷத்தில், 2014-ல், மிசோரம் முதல் முறையாக சந்தோஷ் டிராபி ஜெயிச்சது. 2017-ல் ஐஸ்வால் எஃப்.சி ஐ-லீக் சாம்பியன். வடகிழக்கிலிருந்து தேசிய லீக் ஜெயிச்ச முதல் கிளப். கோச் யாருன்னு நினைக்கிறீங்க? இதே காலித் ஜமில்தான். நம்ம சென்னையின் எஃப்.சி ரசிகர்கள் தலையில் தூக்கி வச்சு ஆடிய ஜெஜெ, பிறகு வந்த சாங்டே, ரெண்டு பேரும் மிசோரம் பசங்க.

தென்காசி போட வேண்டிய கணக்கு

2011 கணக்கெடுப்பில் மிசோரம் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 11 லட்சம். 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், அதே கணக்குப்படி சுமார் 14 லட்சம் பேர். அதாவது ஒரு மாநிலத்தைவிட நம்ம மாவட்டம் பெரிசு!

திறமை கிடையாதுன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரை சேது எஃப்.சி பெண்கள் லீக்கை ஜெயிச்சிருக்கு. கேரளா 1973-ல் முதல் முறையாக சந்தோஷ் டிராபி ஜெயிச்சப்போ கோச்சாக இருந்தவரும் தமிழர்தான்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக கோல் போட்ட சைமன் சுந்தர்ராஜ்.

அப்போ குறை எங்கே? மேட்ச் எண்ணிக்கையில். செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் ஸ்கூல் டீமில் ஆடும் ஒரு பையனை நினைச்சுக்கோங்க. குறுவட்டம், மாவட்டம் என நடக்கும் பள்ளிப் போட்டிகள். முதலமைச்சர் கோப்பை. தோத்தா வெளியே போற நாக்-அவுட்தான் பெரும்பாலும். முதல் ரவுண்டிலேயே தோத்துட்டா, அடுத்த நிஜமான மேட்ச் அடுத்த வருஷம். 2014-ல் இந்திய டீமுக்கு ரெண்டு மேட்ச். இவனுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே வியாதி.

இதுக்கு ஒல்லாந்திலிருந்து ஆள் வரணும்னு இல்லை. எட்டு ஊர், எட்டு டீம். எல்லாரும் எல்லாரோடும் ரெண்டு தடவை ஆடினா ஒரு டீமுக்கு 14 மேட்ச். வாரம் ஒண்ணுன்னு வச்சாலும் மூணரை மாசத்தில் முடிஞ்சிடும். சாரல் சீசன் முடிஞ்சு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ஓய்ந்த பிறகு, தை பொறந்ததும் தொடங்கலாம். பரிசுத் தொகையைவிட இங்கே முக்கியம், தோத்த டீமுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கணும் என்பது.

கோச்? 'நானும் ஒரு காலத்துல ஸ்கூல் டீம் ஸ்டாப்பர்'னு சொல்லிக்கிட்டு, இப்போ கடையில், ஆபீஸில் இருக்கும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கோச்சிங் படிப்புகள் அடிமட்டத்தில் தொடங்கி டி, சி, பி, ஏ, ப்ரோ என ஏணி மாதிரி போகும். முதல் படி ஏற தேசிய அணியில் ஆடியிருக்கணும்னு அவசியம் இல்லை. 1988 யூரோவில் ஒரு நிமிஷம்கூட ஆடாத கூவர்மன்ஸ்தான் ஒரு நாட்டு டீமுக்கே கோச் ஆனார், மறந்துடாதீங்க.

இந்த சீசனில் அருவியில் குளிச்சுட்டு வந்து, ராத்திரி முழுக்க முழிச்சு ஆரஞ்சு டீமைப் பாருங்க, கொண்டாடுங்க. ஆனா அடுத்த தடவை இந்தியா தோத்ததும் 'கோச்சை மாத்து'ன்னு கமென்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: உங்க ஊர்ப் பசங்க இந்த மாசம் எத்தனை மேட்ச் ஆடினாங்கன்னு எண்ணிப் பாருங்க. ஒரு கை விரலே மிச்சமாச்சுன்னா, மாத்த வேண்டியது கோச்சை இல்லை.