தாயினும் பெரிதோ கருப்பை?

"பிழைத்தாள், ஆனால் கருப்பையை எடுத்துவிட்டார்களாம்!" இப்படி இரக்கப்படுவோரைக் காணும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்தபின் அது சுருங்காவிட்டால் தாயின் கதி என்ன? மருந்தும் தையலும் பயன்படாதபோது, கருப்பையை அகற்றுவதே கடைசி வழி. 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் மருத்துவர் எடுவார்தோ போரோ சிசேரியனோடு கருப்பையையும் அகற்றினார். தாயும் சேயும் பிழைத்தனர். அதற்குமுன் ஐரோப்பாவில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மாரில் பெரும்பாலோர் மாண்டனர்.

அத்தகைய வேளையில், "கணவர் வரட்டும், மாமியார் சொல்லட்டும்" என்று காத்திருப்பது அறமாகுமா? உயிர்காக்கும் அவசரத்தில் ஒப்புதலுக்குக் காத்திராமல் மருத்துவர் செயற்படலாம் என்பதை 2008-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கையொப்பத்திற்கு அலையும் நேரத்தில் உறவினர் இரத்தத்திற்கு அலையட்டும் என்பேன்.

தோழர்களே! பதினெட்டு நிறைந்து, 45 கிலோ எடையும் உடல்நலமும் உள்ள நாம் இரத்தம் வழங்கலாம். வீடு திரும்பும் அத்தாயிடம், "அடுத்த குழந்தை எப்போது?" என்று கேளாதிருக்கவும் கற்போம். அவள் பிழைத்து வந்ததே நமக்குப் போதாதா?