பொகோட்டா போறீங்களா? பப்பாளி கொடுத்துடாதீங்க!

'நார்கோஸ்' வெப் சீரிஸ் பார்த்ததிலிருந்து பெரியம்மாவுக்கு கொலம்பியா என்றாலே அலர்ஜி. ஹியூஸ்டனில் இருக்கும் அக்கா, "இங்கேயிருந்து அஞ்சு மணி நேர ஃபிளைட்தாம்மா, நாலு நாள் பொகோட்டா சுத்திட்டு வந்துடலாம்" என்று டிக்கெட் போட்டதும், சென்னையில் இருக்கும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏன்டி, அந்த எஸ்கோபார் ஊருக்கா என்னைக் கூட்டிட்டுப் போறா இவ?"

அவன் ஊர் மெடெயின் பெரியம்மா, 1993-லேயே சுட்டுக் கொன்னுட்டாங்க என்று சமாதானம் சொன்னேன். ஆனால், யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருந்தது. அதை அக்காவும் யோசிக்கவில்லை, டெஸ்க்கில் உட்கார்ந்து ஊர் ஊராக எழுதும் நானும் சொல்லவில்லை. உயரம்!

பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,640 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637. அந்த உச்சியில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் வீடு கட்டி, ஆபீஸ் போய், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதுதான் பொகோட்டா. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் ராத்திரியில் குளிர் 8, 9 டிகிரிக்கு இறங்கும். வெயில் அடிக்கும்போதே மழையும் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் இறங்கினார்கள். அன்று சாயங்காலமே அக்கா பெரியம்மாவை மோன்செராத்தே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நகரத்தை ஒட்டியே நிற்கிற மலை, உயரம் 3,152 மீட்டர். உச்சியில் தேவாலயம். பழனி மாதிரியே படியேறிப் போகும் பக்தர்கள், 1929-லிருந்து ஓடும் விஞ்ச், 1955-லிருந்து ரோப் கார். பார்த்ததும் பெரியம்மாவுக்குக் குஷியாகிவிட்டது. மேலே போய்ப் பத்து நிமிடத்தில் தலை சுற்றல், மூச்சு வாங்கல். பி.பி மாத்திரை சாப்பிடுகிற 63 வயது உடம்பு. அக்கா அழாத குறை. ஒரு கடைக்கார அம்மா உட்காரவைத்து, கோகா இலை போட்ட டீ கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தெளிந்ததும் கீழே இறக்கிவிட்டார்கள். (அந்த இலையை நினைவுப் பொருளாக பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் அது சட்ட விரோதம்!)

ஆகவே, மோன்செராத்தேயைக் கடைசி நாளுக்கு வையுங்கள். முதல் நாள் நிறைய தண்ணீர், கொஞ்சமாகச் சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். இதயம், பி.பி பிரச்னை இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தப்பு, ரூம். லா கந்தெலாரியாவில் புக் செய்திருந்தாள். பழைய நகரம். கலர் கலர் சுவர்கள், ஓட்டு வீடுகள், பொலிவார் சதுக்கம், மியூசியங்கள் எல்லாமே நடக்கும் தூரம். வாடகையும் குறைவு. பகலில் சொர்க்கம்தான். ஆனால், ஆபீஸும் காலேஜும் விட்டதும் தெருவே காலியாகிவிடும். அன்று ராத்திரி ரெண்டு தெரு தள்ளி இருந்த ஹோட்டலுக்கு நடக்கத் தைரியமில்லாமல், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். தனியாகச் சுற்றும் இளசுகளுக்கு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்கிற உறுதி இருந்தால், கந்தெலாரியா ஓகே. அம்மா, அப்பா, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு சாப்பினேரோவுக்கு. குறிப்பாக 'சோனா ஹே' என்கிற சாப்பாட்டுக்குப் பேர்போன ஏரியா. ராத்திரியும் ஆள் நடமாட்டம் இருக்கும். வடக்கே உசாக்கென் இன்னும் அமைதி. ஆனால், அங்கிருந்து மியூசியத்துக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகலாம். மெட்ரோ இன்னும் வரவில்லை, வேலை நடக்கிறது. 'டிரான்ஸ்மிலேனியோ' எனும் சிவப்பு பஸ்தான் தனிப் பாதையில் ஓடுகிறது. கூட்டத்தில் மொபைல் பத்திரம்!

ரூம் பணம் கட்டும்போது இன்னொன்று. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹோட்டல் வாடகையில் 19 சதவிகித வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் அதிலிருக்கும் சுற்றுலா முத்திரையையும் காட்டிக் கேட்டால்தான் கழிப்பார்கள். அக்கா கேட்கவில்லை.

தலைப்பில் சொன்ன பப்பாளிக்கு வருவோம். 'பப்பாளி கொடுக்காதே' என்பது கொலம்பியாவில் தினமும் காதில் விழும் சொலவடை. திருடனுக்கு நீயே வாய்ப்பு கொடுக்காதே என்று அர்த்தம். நடுத்தெருவில் போனை நீட்டி மேப் பார்ப்பது பப்பாளி. கை காட்டி டாக்ஸியை நிறுத்துவதும் பப்பாளிதான். ஏறியவரை ஏடிஎம் ஏடிஎம்மாகச் சுற்றவிட்டுப் பணத்தை உருவும் கும்பல்கள் உண்டு. ஆப்பிலோ, ஹோட்டலில் சொல்லியோதான் டாக்ஸி வரவழைக்க வேண்டும். பாரில் அறிமுகமில்லாதவர் தரும் டிரிங்ஸும் வேண்டவே வேண்டாம். மயக்க மருந்து கலந்து கொடுப்பது அங்கே நிஜமான ஆபத்து.

சனிக்கிழமை ரூமை சாப்பினேரோவுக்கு மாற்றினார்கள். ஞாயிறு காலை பெரியம்மாவிடமிருந்து எட்டு வீடியோ! எப்போதும் ஹாரன் அலறும் 'செத்திமா' சாலையில் ஒரு கார்கூட இல்லை. சைக்கிள், ஸ்கேட்டிங், தள்ளுவண்டியில் குழந்தை, நாய்கள், தாத்தாக்கள். 'சிக்லோவியா' என்று பெயர். 1974-ல் ஆரம்பித்தது. ஞாயிறும் பண்டிகை நாள்களும் காலை 7 முதல் மதியம் 2 வரை, 100 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளைக் கார்களிடமிருந்து வாங்கி ஜனங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் பயணத்துக்குள் ஒரு ஞாயிறு வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். மலையை விட, மியூசியத்தை விட அதுதான் முக்கியம். பெரியம்மா அவர் வேகத்தில் ரெண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறார், மூச்சு வாங்காமல்.

அன்றைக்குத் தங்க மியூசியமும் இலவசம் (திங்கள் லீவு). ஒரு சாண் நீளத்தில் ஒரு தங்கத் தோணி இருக்கிறது. 1969-ல் கிடைத்தது. முய்ஸ்கா இனத்தின் புதுத் தலைவர், உடம்பெல்லாம் பொன் துகள் பூசி, குவாத்தவித்தா ஏரியில் தங்கத்தைக் காணிக்கையாக்கும் சடங்கைக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். 'எல் டொராடோ' கதை பிறந்தது இதில்தான். ஏர்போர்ட்டுக்கே அந்தப் பெயர். பக்கத்திலேயே இருக்கும் பொதேரோ மியூசியம் எல்லா நாளும் இலவசம், செவ்வாய் மட்டும் லீவு. குண்டு மோனாலிசாவைப் பார்த்து பெரியம்மா, "என் சாயல்ல இருக்காடி" என்றார்.

சாப்பாட்டில் மூன்று வகை உருளைக்கிழங்கு போட்ட 'அஹியாக்கோ' சூப் அங்கே பிரபலம். கோழி சேர்த்தது, சைவர்கள் ஜாக்கிரதை. பெரியம்மாவைக் கவிழ்த்தது 'அகுவாபனேலா'. பனேலா என்றால் சாட்சாத் நம்ம வெல்லம்தான். அதைச் சூடான தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்கள், சிலர் உள்ளே சீஸ் துண்டு வேறு போடுகிறார்கள்.

ஹியூஸ்டன் திரும்பும்போது பெட்டியில் ரெண்டு கட்டி பனேலா. அதில் வைத்த சர்க்கரைப் பொங்கல்தான் ஒரு வாரமாக பெரியம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.