சுருங்கிய நாளம், பிடிபட்ட மாத்திரை

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆய்வுக்கூடம், 1969. கண்ணாடிக் குழாயில் தொங்குகிறது ஒரு கினிப் பன்றியின் நுரையீரல். முட்டைப் புரதம் ஒத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே தயார் செய்யப்பட்ட பிராணி அது. நுரையீரல் வழியே பாயும் உப்புக் கரைசலில் அதே புரதத்தைக் கலக்கிறார்கள் ஆய்வாளர்கள் பிரிசில்லா பைப்பரும் ஜான் வேனும். வழிந்துவரும் திரவம், கீழே தொங்கவிடப்பட்ட முயலின் மகாதமனித் துண்டின் மீது சொட்டுகிறது. துண்டு சுருங்குகிறது.

ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையில் நுரையீரல் ஹிஸ்டமின் வெளியிடும் என்பது பழைய செய்தி. ஆனால் இது ஹிஸ்டமின் அல்ல. என்னவென்று ஆராய்வதற்குள் ஓரிரு நிமிடங்களில் அழிந்துபோனது. எனவே 'முயல் மகாதமனியைச் சுருக்கும் பொருள்' என்றே பெயர். ஆளைப் பிடிக்க முடியாத போலீஸ், குற்றத்தை மட்டும் பதிவு செய்வது போல.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். கரைசலில் ஆஸ்பிரின் சேர்த்ததும் அந்தப் பொருள் வருவது நின்றுபோனது. 1899-இலிருந்து தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உலகமே விழுங்கிவந்த மாத்திரை, உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. உடம்பு புராஸ்டாகிளாண்டின்களைத் தயாரிப்பதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் வேன் காட்டினார். மர்மப் பொருளின் நிஜப் பெயர் 1975-இல் ஸ்வீடனில், பெங்ட் சாமுவெல்சன் குழுவிடம் சிக்கியது: த்ராம்பாக்சேன் ஏ2. 1982 நோபல் பரிசு வேன், சாமுவெல்சன், சுனே பெர்க்ஸ்ட்ராம் மூவருக்கும் கிடைத்தது. பைப்பரின் பெயர் அதில் இல்லை.

நாளத்தைச் சுருக்குவதோடு த்ராம்பாக்சேன் நிற்பதில்லை. ரத்தத் தட்டணுக்கள் அதைச் சுரந்துதான் ஒன்றையொன்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்கின்றன. காயம் பட்டால் நல்லது; இதய நாளத்தில் நடந்தால் மாரடைப்பு. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய என்சைமை அதனால் மறுபடி செய்துகொள்ள முடியாது. வாழ்நாளான பத்து நாளும் முடங்கியே கிடக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு தினமும் 75 மில்லிகிராம் போதுமென டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இதைக் கேள்விப்பட்டு, இதயத்தில் கோளாறே இல்லாதவர்களும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தினம் ஒன்று போடுகிறார்கள். வேண்டாத வேலை. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான். அதையும் மாத்திரை விட்டுவைப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19 ஆயிரத்துக்கும் அதிகமான ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தக்கசிவு கூடியது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது என்பதற்கும் காரணம் இதே. டெங்குவாக இருந்தால் தட்டணுக்கள் சரிந்துகொண்டிருக்கும். மிச்சமிருப்பவற்றையும் மாத்திரை முடக்கிவிடும்.