பழைய வளையமும் புதிய முள்ளும்

பெற்றோர் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் இலண்டனிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. "இப்பொழுது அங்கே என்ன மணி?" என்பது அவ்வீடுகளில் நாள்தோறும் எழும் வினா. ஒரே முகத்தில் ஈரூர் நேரங்களைக் காட்டும் கைக்கடிகாரங்கள் இதற்கு விடை தருவன. அவற்றுட் பெயர்பெற்றது சுவிற்சர்லாந்தின் றோலெக்ஸ் நிறுவனத்தார் செய்த 'ஜீ.எம்.ரி. மாஸ்ரர்'. அதன் விலை நம்மிற் பெரும்பாலோர்க்கு எட்டாதது; எனினும், பழைய அமைப்பையும் திருத்திய அமைப்பையும் ஒப்புநோக்குவது யாவர்க்கும் பயன்தரும்.

முன்னது 1955 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் 'பான் அமெரிக்கன்' விமானிகள் நெடுந்தூரப் பயணங்களில் கிரீன்விச் நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் ஒருங்கே அறிய வேண்டியிருந்தது. ஆதலின் 24 மணித்தியாலத்தில் ஒருமுறை சுற்றும் நான்காம் முள் ஒன்று சேர்க்கப்பட்டது. முகத்தைச் சூழ, 24 மணிக்குரிய குறிகள் பொறித்த, கையாற் திருப்பத்தக்க வளையம் அமைந்தது. பகலுக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம். ஆனால் மணிமுள்ளும் நான்காம் முள்ளும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் உடன் திரும்பும். ஆகவே, வளையத்தைத் திருப்பியே இரண்டாம் ஊரின் நேரத்தை அறிந்தனர்.

1982 இல் 'மாஸ்ரர் இரண்டு' இப்பிணைப்பை அவிழ்த்தது. மணிமுள் தனித்து, மணிக்கு மணி முன்னும் பின்னும் துள்ளும். நிமிடமுள்ளும் விநாடிமுள்ளும் நில்லாது ஓடும். வேற்றூரில் இறங்கிய பயணி மணிமுள்ளை மட்டும் பெயர்த்தாற் போதும். சொந்த ஊர் நேரம் நான்காம் முள்ளில் அப்படியே இருக்கும். இது மெய்யான முன்னேற்றம். 2005 இல் எளிதிற் கீறல் விழாத செராமிக் வளையமும், 2018 இல் ஏறத்தாழ 70 மணித்தியாலம் ஓடும் பொறியும் வந்தன.

எனினும் நம் கணக்கு வேறு. நமது நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. கொழும்பில் மாலை 7.30 ஆகும்போது, குளிர்கால இலண்டனிற் பிற்பகல் 2.00. மணிமுள்ளை ஐந்து முறை பின்னே துள்ளவைத்தால் 2.30 என்றே காட்டும். நிமிடமுள்ளைத் திருப்பிச் சரிசெய்தாலோ ஊர்நேரம் அரைமணி பிழைக்கும்.

பழைய வளையம் இதற்கு வழி வைத்திருந்தது. அது எவ்விடத்திலும் நிற்கும். ஐந்தரை மணித்தூரம் வலப்புறம் திருப்பினால், நான்காம் முள் 14 ஐத் தொடும். இலண்டனில் இரண்டு மணி என்பது விளங்கும். இன்றைய வளையமோ 24 படிகளாகச் சொடுக்கி, முழு மணிகளில் மட்டுமே நிற்பது. அரைமணியை மனத்தாற் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருத்தியவர்களைக் குறைகூறுவதற்கில்லை. உலகிற் பெரும்பாலான நாடுகள் முழுமணிக் கணக்கின. அந்நாட்டுப் பயணியின் சிரமத்தை அவர்கள் நீக்கினர். ஆயினும், பயணம் போகாது வீட்டிலிருந்து பிள்ளையின் அழைப்பை எதிர்நோக்கும் தாய்க்குப் பழைய வளையமே பொருத்தமானது.

மாணவர்கள் இதிலிருந்து ஒன்று கொள்ளலாம். புதியது ஒன்று வரும்போது, அது எதைச் சேர்த்தது என்று கேட்பதோடு அமையாது, எதை நீக்கியது, எவர்க்கு என்றும் வினவுதல் வேண்டும். விளம்பரங்கள் முதல் வினாவுக்கே விடை கூறும். இரண்டாவதை நாமே ஆராய்ந்து அறிய வேண்டும்.